கைக்குட்டை போட்ட இடம்

பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு முந்நூறு கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விட்டானாம் நண்பன். படம் படமாகக் காட்டினான். "சரி மச்சான், நம்ம ரயிலுக்கு வா" என்று தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு இழுத்துப்போனேன்.

பொழுது விடியவில்லை. பெட்டியில் அதற்குள் கைக்குட்டைகள் இடம்பிடித்திருந்தன. பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கப் பெயர்களாகவே ஸ்டேஷன்கள் வரும். தங்கத்துக்காக வெள்ளைக்காரன் 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, போட்ட கிளைப்பாதை இது. இன்று இதில் போகும் சரக்கு மனிதர்கள்தான். வடஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலைசெய்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரன்களும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரைக் காலிசெய்யாமல் இவர்களைக் காப்பாற்றியது எந்த மறுவாழ்வுத் திட்டமும் அல்ல, இந்த ரயிலும் சீசன் டிக்கெட்டும்தான் என்பேன்.

எதிரே ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே ஒருவர் தூங்கினார்; அதுவும் ஒரு வித்தை. நண்பன் போனை வெளியே எடுக்கவே இல்லை. பங்காருபேட்டையில் ஏறிய கூட்டத்தில் அவன் உட்கார்ந்த இடமும் போயிற்று.

அதிவேக ரயிலெல்லாம் மெதுவாக வரட்டும். காலை வண்டியில் நாலு பெட்டி கூடுதலாகச் சேருங்கள், போதும்.