கொப்பியில் எழுதிவைத்த கடவுச்சொற்கள்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, ரீலோட், அரசாங்கப் படிவங்களை இணையத்தில் நிரப்பிக் கொடுத்தல் எல்லாம் அங்கே நடக்கும். கடைக்காரரின் மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி. பெயர், அடையாள அட்டை இலக்கம், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் என்று கோடு போட்டு நிரப்பியிருக்கிறார். தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு அவரே மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுக்கிறார்.

“அவங்களுக்கு ஞாபகம் இருக்காது அக்கா. திரும்ப வந்து கேப்பாங்க. அதனால எழுதி வச்சிருக்கேன்” என்றார். பல கணக்குகளுக்கு மீட்பு இலக்கமாக இருப்பதும் அவருடைய தொலைபேசி இலக்கம்தான். நாளை அவர் கடையை மூடினாலோ இலக்கத்தை மாற்றினாலோ அத்தனை கணக்குகளும் பூட்டிக்கொள்ளும்.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. ஆனால் இந்தக் கொப்பியைக் குறை சொல்லுமுன், அரசாங்கம் தன்னுடைய மின்னஞ்சல்களை எப்படிப் பாதுகாத்தது என்று பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கோரும் தீம்பொருள் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ மூன்றரை மாதக் கடிதங்கள் போயின. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறாததற்கு நிதிப் பற்றாக்குறை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்துகொண்டிருந்த காலமும் அதுதான். அந்த மாதங்களில் ஏதோவொரு திணைக்களத்துக்கு மின்னஞ்சலில் முறைப்பாடு அனுப்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் கடிதம் அழிந்திருந்தால், அவரிடமுள்ள ஒரே சான்று அவர் அனுப்பிய பிரதி. அந்தப் பிரதியோ அவரால் திறக்க முடியாத கணக்குக்குள் கிடக்கிறது. இரண்டு பக்கத்திலும் கடிதம் இல்லை என்றால், அவர் முறைப்பாடே செய்யவில்லை என்றாகிவிடும்.

கடிதமும் சான்றிதழும் தொலைவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எங்கள் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1983இல் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தவர்களும் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்தது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும்தான். இன்று அந்தப் பொலித்தீன் பையின் இடத்தில் ஒரு கடவுச்சொல் இருக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து வந்து இப்போது கட்டுகஸ்தோட்டையில் மகளோடு வசிக்கும் ஓர் அம்மா, மகனின் மின்னஞ்சல் முகவரியை ஒரு துண்டுக் கடதாசியில் வைத்திருக்கிறார். 2009க்குப் பிறகு மகனைப் பற்றித் தகவல் இல்லை. கடவுச்சொல் தெரியாது, மீட்பு இலக்கம் மகனோடேயே போய்விட்டது. உள்ளே படங்கள் இருக்கலாம் என்று நம்புகிறார்.

இப்படியான குடும்பங்களுக்கு வழி குறுகலானது. இறந்தவரின் கணக்கைக் கையாள கூகுள் நிறுவனத்தில் ஒரு நடைமுறை உண்டு. அது மரணச் சான்றிதழைக் கேட்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் பலர் அந்தச் சான்றிதழை வாங்க மறுத்தே இத்தனை வருடங்கள் வீதியில் நிற்கிறார்கள். மறுபக்கம், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. காணாமற்போனவர் என்ற நிலையை எங்கள் சட்டம் 2016இல்தான் ஏற்று, அதற்கென ஒரு சான்றிதழை உருவாக்கியது. இணைய நிறுவனங்களின் படிவங்களில் அந்தச் சான்றிதழுக்கும் இடம் வேண்டும். அதைக் கேட்க வேண்டியது தனியொரு தாயின் வேலையல்ல, அரசாங்கத்தின் வேலை.

ஆனால் அரசாங்கத்தின் வேகம் வேறு. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கான 9ஆம் இலக்கச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் தள்ளிப்போடப்பட்டன. இதற்கிடையில் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சு மட்டும் விரைந்து நடக்கிறது. மூன்றரை மாதக் கடிதங்களைத் தொலைத்த ஒரு அரசு எங்கள் கைரேகையைக் கேட்கும்போது, அதை எங்கே, யார், எத்தனை பிரதிகளில் வைத்திருப்பார்கள் என்று கேட்பது சந்தேகப் புத்தியல்ல. பட்டியல்களில் பெயர் இருந்ததாலேயே தேடப்பட்டவர்கள் நாங்கள்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. மீட்பு இலக்கம் சொந்த இலக்கமாகவோ பிள்ளைகளின் இலக்கமாகவோ இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதிவைப்பதில் தவறில்லை. அது உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும். தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை வட்ஸ்அப்பில் யார் கேட்டாலும், தெரிந்தவர் பெயரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள். அரச அலுவலகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்துத் திகதியோடு கோவையில் போடுங்கள்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொப்பியிலுள்ள பக்கங்களைக் கிழித்து உரியவர்களிடமே கொடுக்கலாம் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, “குடுக்கலாம் அக்கா. ஆனா அடுத்த படிவத்துக்கு அவங்க திரும்ப இங்கதானே வரணும்?” என்றார். பிரதேச செயலகங்களில் தமிழில் உதவ ஒரு மேசை இல்லாதவரை, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.