2/3 போட்டா போதுமா?

ஒளிரும் மூலக்கூறு ஒன்று, ஒளியை உமிழாமலேயே பக்கத்து மூலக்கூறுக்கு ஆற்றலைக் கடத்துவதுதான் ஃப்ரெட். 1948-ல் ஃபோர்ஸ்டர் தந்த கணக்குப்படி, கடத்தும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதம். 5 நானோமீட்டரில் 50 சதவீதம் கடந்தால், 10-ல் சுமார் 1.5 சதவீதம்தான்! அதையும் தாண்டணும்னா, நடுவுல மூலக்கூறுகளை வரிசையா நிறுத்தி ஆற்றலைத் தாவ விடணும்.

இதை மான்டி கார்லோ சிமுலேஷன்ல ஓட்டுறது சுலபம். ஆனா பல பேர் திசைக் காரணிக்குக் கண்ணை மூடிட்டு 2/3 போட்டுடறாங்க. மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் வேகமா சுழன்றால்தான் அந்தச் சராசரி செல்லும். இறுகி நின்னா, அது 0 முதல் 4 வரை எதுவாவும் இருக்கலாம். 0 வந்தா அந்தத் தாவலே கிடையாது. ஒரு மூலக்கூறைத் தாண்டித் தாவணும்னா, தூரம் இரட்டிப்பு; வேகம் 64-ல் ஒரு பங்கு.

அதனால கோணத்தையும் கணக்குல சேருங்க மக்களே. கிராஃப் அழகா வந்துட்டா விடை சரின்னு அர்த்தமில்லை!