பையில் மருந்தைக் குறையுங்கள்... பயணத்தில் ஒரு நாளைக் கூட்டுங்கள்!

"அப்பா, நாங்க மூணு பேரும் நேபாளம் போறோம். முதுகுல பையை மாட்டிக்கிட்டு அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரைக்கும் நடக்கப் போறோம்!"

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள் இப்படிச் சொன்னாள். வேலைக்குப் போகிற பெண். கூடப் போவது அவளுடைய தோழிகள் இருவர். எனக்கு ரசம் புரையேறிவிட்டது. என் அம்மாவோ, "நேபாளமா? முக்திநாத் இருக்கிற ஊராச்சே! நல்லபடியா போயிட்டு வாடி கண்ணு" என்று ஆசீர்வாதமே பண்ணிவிட்டார்கள்!

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ஒரே திருவிழாதான். சாப்பாட்டு மேஜையில் மலைப்பாதை வரைபடம். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்களுக்கு ஆதார் அட்டை போதாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும் என்பதெல்லாம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. 2010-ல் நெதர்லாந்து மக்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு, சுற்றுலா போகிறவர்களின் கூடுதல் சந்தோஷம் பெரும்பாலும் போவதற்கு முன்புதான் இருக்கிறது என்று சொன்னது. கல்யாணத்தைவிடக் கல்யாண ஏற்பாடு ருசி என்று நம் வீடுகளில் ஆய்வு இல்லாமலே தெரியும்!

ஆனால் வாசகர்களே, அந்த ருசிக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. ராத்திரி ஒரு மணி வரை விமானக் கட்டணம் பார்ப்பது. காலையில் விலை ஏறிவிட்டது என்று தலையில் கை வைப்பது. "நீ அன்னிக்கே புக் பண்ணியிருக்கணும்" என்று தோழிகளுக்குள் மனஸ்தாபம். மார்ச் மாதம் என் மகள் நெஞ்செரிச்சல் என்று வந்து நின்றாள். இரவு கண் விழித்தால் பித்தம் கூடும் என்பது எங்கள் சித்த மருத்துவத்தின் பாலபாடம். மருந்து கொடுக்கவில்லை. "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பயணப் பேச்சே கூடாது" என்று ஒரு சட்டம் போட்டேன். பத்து நாளில் நெஞ்செரிச்சல் போயே போச்சு!

சரி, அவளுக்கு வைத்தியம் பார்த்தேன். எனக்கு யார் பார்ப்பது? நான் பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஓம வாட்டர், தாளிசாதி வடகம், இஞ்சி லேகியம், நிலவேம்புப் பொடி, வலித் தைலம் இரண்டு பாட்டில் என்று அவள் பையை நிரப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பையை கிளினிக் எடை மெஷினில் வைத்தாள். 13 கிலோ! சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது நடைபயணிகளின் பொதுவான கணக்கு. அவள் எடை 52 கிலோ. பத்து கிலோவே அதிகம். "அப்பா, இதுல ரெண்டு கிலோ உங்க பயம்!" என்றாள்.

சுருக்கென்றது. யோசித்தால் உண்மைதானே? பெயர் எழுதாத பொடிப் பொட்டலங்களை விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தால் அவள் என்ன பதில் சொல்வாள்? நம் சமையலறைக் கசகசாவைக்கூட ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தேன். கொஞ்சம் சுக்குப் பொடி, காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், காலில் கொப்புளம் வந்தால் ஒட்ட பிளாஸ்டர்... அவ்வளவுதான். பை ஒன்பது கிலோவானது. புது ஷூவை மட்டும் ஒரு மாதம் முன்பே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு, பையோடு தினமும் மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அவர்கள் போட்ட பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். தேவ்ராலி என்ற இடம் 3,230 மீட்டர் உயரம். அங்கே தூங்கி எழுந்து, ஒரே நாளில் 4,130 மீட்டரில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கு ஏறி, அங்கேயே தங்குவதாக எழுதியிருந்தது. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடுக்க வேண்டும். காற்றில் பிராணவாயு குறைய, உடம்பு பழகுவதற்கு நேரம் கேட்கும். கொடுக்காவிட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அதையும் மீறி ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயதுப் பிள்ளைகள், தேகப்பயிற்சி செய்கிறவர்கள் என்று அது பார்ப்பதில்லை.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். பொதிகை மலையில் மூலிகை தேடி ஏறியவன். ஆனாலும் சொல்கிறேன்: எந்தச் சூரணத்தையும் லேகியத்தையும் நம்பி இந்த உயரத்துக்கு ஏறாதீர்கள். அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஆங்கில மருத்துவரிடம் கேளுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் சேர்ந்த காப்பீடு எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள்.

"லீவு கிடைக்காதுப்பா!" என்றாள். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளே போகராவில் படகு சவாரிக்கு வைத்திருந்த நாளையும் காட்மாண்டு கடைவீதிக்கு வைத்திருந்த நாளையும் எடுத்து, 3,700 மீட்டரில் இருக்கும் மச்சாபுச்சரே பேஸ் கேம்ப்பில் ஓர் இரவு, கூடவே ஒரு வெறும் நாள் என்று மாற்றினாள்.

ஏப்ரலில் போனார்கள், ஒரு வழிகாட்டியோடு. அந்த 3,700 மீட்டரில் ஒரு தோழிக்குத் தலைவலி. வெறும் நாள் கையில் இருந்ததால் காத்திருந்தார்கள். மறுநாளும் தலைவலி விடவில்லை. மூவருமே இறங்கிவிட்டார்கள். இறங்கியதும் தலைவலி போய்விட்டது. பழைய திட்டமாக இருந்தால் "டிக்கெட் போட்டாச்சு" என்று அவளை இழுத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வீட்டுக்கு வந்தவள், "இன்னும் 430 மீட்டர்தான் பாக்கிப்பா" என்று மறுபடியும் வரைபடத்தை விரித்துவிட்டாள்!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படிக் கிளம்பினால் "வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். "என்னமோ போ" என்று கைகழுவவும் வேண்டாம். மேஜையில் கூட உட்காருங்கள். உங்கள் பயத்தைப் பையில் திணிக்காமல் திட்டத்தில் ஒரு நாளாக மாற்றிக் கொடுங்கள். அந்த நாளில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் "போதும், இறங்கலாம்" என்று சொல்லும் தைரியத்தை அதுதான் கொடுக்கும்.