ராத்திரி ஆனால் ஒரே இடத்தில் கால் வலி... வளரும் வலிதானா? 6 நிமிடச் சூட்டில் தீரும் எலும்புக் கட்டி!

இரவு 1 மணி. கீழ்க்கட்டளையில் ரேடியல் ரோட்டு லாரிச் சத்தம்கூட அடங்கிவிட்ட நேரம். 11 வயதுப் பையன் எழுந்து உட்கார்ந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "அதே இடம்தாம்மா..." அம்மா தைலத்தைத் தேடுகிறார். "வளர்ற புள்ள, அப்படித்தான் இருக்கும். பகலெல்லாம் கிரிக்கெட் ஆடினா ராத்திரி வலிக்காதா?" என்கிறார் பாட்டி. கடைசியில் ஒரு வலி மாத்திரை. கொஞ்ச நேரத்தில் பையன் தூங்கிவிடுகிறான். காலையில் வழக்கம்போல பள்ளிக்கு ஓடுகிறான். அடுத்த இரவு வரை வீடே அதை மறந்துவிடுகிறது.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதையல்ல. பல வீடுகளில் மாதக்கணக்கில் நடப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே வளரும் வயதின் வலிதான். ஆனால் சிலருக்கு, எலும்புக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி ஒளிந்திருக்கும். அதன் பெயர் 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா'.

'கட்டி' என்றதும் பதற வேண்டாம். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை, உடலில் வேறு இடங்களுக்குப் பரவுவதும் இல்லை. ஊசித்துளை வழியாகச் சூடு கொடுத்தே இதைத் தீர்க்க முடியும். ஆனால், அதற்கு முதலில் அது கண்ணில் பட வேண்டும்.

இத்தனை சின்னக் கட்டிக்கு ஏன் இவ்வளவு வலி?

இதைத் தனி நோயாக 1935-ல் முதலில் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஜாஃபே. கட்டியின் மையப்பகுதி பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் அதற்குள் ரத்தக்குழாய்களும் நரம்பு இழைகளும் நிறைய. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற பொருளை அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது.

ஐபுபுரோஃபன், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது இந்தச் சுரப்பைத்தான். அதனால்தான் மாத்திரை போட்டதும் வலி சட்டென்று அடங்குகிறது. 'மாத்திரைக்கே சரியாயிடுச்சு, பெரிசா ஒண்ணும் இருக்காது' என்று வீட்டில் நிம்மதி அடைகிறோம். மருத்துவருக்கோ அதுவே முக்கியமான துப்பு.

பெரும்பாலும் 5 முதல் 25 வயதுக்குள் வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். பாதிக்கு மேல் தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பிலும்தான். முதுகெலும்பில் வந்தால் முதுகு ஒரு பக்கமாக வளையலாம். மூட்டுக்குள் வந்தால் மூட்டுவாதம்போலத் தோன்றி ஏமாற்றும்.

வளரும் வலியா, கட்டியா?

வளரும் வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும். தொடை, கெண்டைக்கால் என்று இடம் மாறும். சில நாள் வரும், சில நாள் வராது. பிடித்துவிட்டால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும்.

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா வலி அப்படியல்ல. ஒரே கால், ஒரே இடம். விரலை வைத்துக் காட்டச் சொன்னால் பிள்ளை அதே இடத்தைத்தான் காட்டும். வாரக்கணக்கில் விடாது. விளையாடாத நாளிலும் இரவில் எழுப்பும். நாளாக நாளாகப் பிள்ளை லேசாக நொண்டலாம், வலிக்கும் காலின் தசை மெலியலாம்.

சுளுக்கு என்று நினைத்து வழிப்பதும், புத்தூர் கட்டு போடுவதும் இதற்கு உதவாது. கோளாறு எலும்புக்குள் இருக்கிறது. மேலே தடவும் எதுவும் அங்கே போய்ச் சேராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரவு எலும்பு வலி என்றால் எல்லாமே இந்தச் சாதுவான கட்டி அல்ல. எலும்பில் சீழ், எலும்புக் காசநோய், எலும்புப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் ஆகியவையும் இப்படித் தொடங்கலாம். வலியோடு காய்ச்சல், எடை குறைவு, பெரிதாகும் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எக்ஸ்-ரே 'நார்மல்' என்றால்?

இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. கட்டி சிறியது என்பதால் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம். அதைச் சுற்றி எலும்பு தடித்துப்போய் மறைத்தும் விடலாம். எம்.ஆர்.ஐ-யில் சுற்றியுள்ள வீக்கம் பெரிதாகத் தெரிந்து, நடுவில் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தப்பலாம். இதைத் தெளிவாகக் காட்டுவது, அந்த இடத்தை மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி ஸ்கேன். 'எக்ஸ்-ரே நார்மல், ஆனா வலி மட்டும் போகலை' என்றால், அடுத்து என்ன பரிசோதனை என்று எலும்பு மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

ஊசித்துளை வழியாகச் சூடு

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி அறுவை சிகிச்சை. கட்டி குட்டி, ஆனால் அறுவை பெரிது. எலும்பைத் திறந்த பிறகு கட்டி எங்கே என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், விட்டுப்போகக் கூடாதென்று சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்பார்கள். எலும்பு பலவீனமாகும். சிலருக்கு வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்து, பிளேட்டும் போட வேண்டியிருக்கும்.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர் டேனியல் ரோசென்தால். நான்கு நோயாளிகளுக்குச் செய்த புதிய சிகிச்சையை அவரது குழு 1992-ல் வெளியிட்டது. அதுதான் இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் 'ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன்', சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ. செய்முறையை விளக்கி மும்பை மருத்துவர்கள் 2009-லேயே இந்தியக் கதிரியக்க மருத்துவ இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல.

பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து சி.டி ஸ்கேன் மேஜையில் படுக்க வைப்பார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துத் தோலில் இடம் குறித்து, சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கீறல். அதன் வழியாக எலும்பைத் துளைக்கும் ஊசி கட்டியின் நடுவரை போகும். பரிசோதனைக்காக ஒரு துணுக்கு எடுப்பதும் உண்டு. பிறகு அதே பாதையில் மின்முனை நுழையும். அதன் நுனி மட்டும் சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் 6 நிமிடம் வரை இருக்கும். நுனியைச் சுற்றிச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வட்டத்தில் உள்ள திசு வெந்துபோகும். கட்டி அதோடு சரி. மேலே ஒரு சின்ன பேண்டேஜ் போதும்.

'சின்ன ஊசிதானே, மரத்துப்போகும் மருந்து போதாதா?' என்று தோன்றலாம். போதாது. முழு மயக்கத்தில் இருக்கும்போதுகூட, ஊசி கட்டியைத் தொடும் நொடியில் சிலருக்கு இதயத்துடிப்பும் மூச்சும் வேகமெடுப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு வலி உணரும் இடம் அது.

எவ்வளவு நம்பலாம்?

1998-ல் ரோசென்தால் குழு இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட்டது. அறுவை செய்தவர்கள் சராசரியாக 4.7 நாள் மருத்துவமனையில் தங்கினார்கள். ஆர்.எஃப்.ஏ செய்தவர்களுக்கு அது 0.2 நாள்தான். கட்டி திரும்ப வந்தது அறுவையில் 9 சதவிகிதம், ஆர்.எஃப்.ஏ-வில் 12 சதவிகிதம். அதாவது குணமாவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றில் எலும்பை வெட்ட வேண்டும், மற்றதில் வேண்டாம்.

வலி பெரும்பாலும் சில நாட்களில் நின்றுவிடும். பல பிள்ளைகள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். துளை போட்ட எலும்பு பலப்படும்வரை ஓட்டமும் குதிப்பதும் கூடாது. காலில் செய்திருந்தால் 3 மாதம் வரை பொறுக்கச் சொல்வதுண்டு. வலி திரும்ப வந்தால் மறுபடியும் இதே சிகிச்சையைச் செய்ய முடியும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்றில்லை. தண்டுவடத்துக்கோ முக்கிய நரம்புக்கோ மிக அருகில் கட்டி இருந்தால் சூடு அதையும் பாதிக்கலாம். தோலுக்கு ஒட்டி இருந்தால் தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. அப்போது மருத்துவர் வேறு வழியைச் சொல்வார். சில கட்டிகள் சில வருடங்களில் தானாகவே அடங்குவதும் உண்டு. ஆனால் அத்தனை வருடம் தினமும் வலி மாத்திரை என்றால் வயிறும் சிறுநீரகமும் என்னாவது? தூக்கமில்லாத பிள்ளையின் படிப்பு என்னாவது? 16 வயதுக்குள் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும் முன்...

* இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வலி, எந்த இடம், என்ன மாத்திரை, எவ்வளவு நேரத்தில் அடங்கியது.
* 'மாத்திரை போட்டா நின்னுடுது' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.
* பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களையும் எடுத்துப்போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது.
* ஆர்.எஃப்.ஏ என்று முடிவானால், கட்டி நரம்பிலிருந்து எவ்வளவு தூரம், துணுக்குப் பரிசோதனை உண்டா, இதற்குமுன் இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.
* முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

அந்த வீட்டுப் பாட்டி சொன்னதே சரியாகக்கூட இருக்கலாம். பரிசோதித்துவிட்டு மருத்துவரும் அதையே சொன்னால், நிம்மதியாகத் தைலத்தைத் தேய்க்கலாம். ஆனால் இன்று இரவும் பிள்ளை அதே இடத்தைக் காட்டினால், நாளைக் காலை மறந்துவிடாதீர்கள்.