ஸ்கூட்டருக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடவேண்டிய நாளாகப் பார்த்துத்தான் ஸ்கூட்டர் முரண்டு பிடிக்கும். பல சமயங்களில் காரணம் சின்ன ஸ்பார்க் பிளக்காகவே இருக்கும். பெட்ரோல் பற்றிக்கொள்ளத் தீப்பொறி தருவது அதுதானே! மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகள் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டலாம். அதில் பிளக்கே கிடையாது.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் நாற்பது சாமான்கள் கொண்ட பெட்டியைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். பிளக் மாற்ற ஐந்தே போதும்.

முதலாவது, பிளக் ஸ்பானர். இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு 16 மில்லிமீட்டர் அளவு பொருந்தும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 21. உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் பிளக் நழுவாது. குறடு போட்டுத் திருகினால் பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

இரண்டாவது, ஃபீலர் கேஜ். விசிறிபோல் விரியும் மெல்லிய தகடுகள் இவை. பிளக் முனையின் இடைவெளியை இதால் அளக்கவேண்டும். பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கைப்புத்தகத்தில் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு சாண் ரப்பர் குழாய். நான்காவது, பழைய துணி. ஐந்தாவது, கைப்புத்தகம் சொல்லும் அதே நம்பர் கொண்ட மாற்றுப் பிளக்.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்து இழுங்கள். சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிட்டுப் பழைய பிளக்கைக் கழற்றுங்கள்.

இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும். புதுப் பிளக்கின் தலையை ரப்பர் குழாயில் செருகி, விரலாலேயே திருகுங்கள். ஊறுகாய் பாட்டில் மூடி கோணலாக ஏறினால் இறுகிக்கொள்ளும் அல்லவா? அப்படி இறுகினால் உடனே பின்னால் திருப்பி, மறுபடி ஆரம்பியுங்கள். பிளக் இரும்பு, அது உட்காரும் இடமோ அலுமினியம். பலவந்தம் செய்தால் உள்மரை போய்விடும். அதைச் சரிசெய்யும் செலவில் பல பிளக்குகள் வாங்கிவிடலாம்!

விரலால் முழுவதும் ஏறிய பின்பு, வாஷர் உள்ள புதுப் பிளக்கை ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். பழையதையே மீண்டும் போடுவதானால், கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணி நேரம் நகரும் அளவுதான்.

கழற்றிய பிளக்கை எறியுமுன் அதன் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமானால் இஞ்சின் சுகம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும். "என்னவோ ஓடமாட்டேன் என்கிறது" என்று வண்டியை ஒப்படைப்பதற்கும், "பிளக்கில் எண்ணெய் ஏறுகிறது, பாருங்கள்" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பில்லில் தெரியும்!