பெரியப்பாவும் காணாமல் போன ஜீனும்

"ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போறார்"னு பெரியம்மா சொன்னப்போ வீட்டுல எல்லோரும் சிரிச்சோம். சுகரா இருக்கும்னு நினைச்சோம். மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. புராஸ்டேட் புற்றுநோய். பெரியப்பாவுக்கு வயசு 61.

நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே, மெஷின் நின்னா காரணம் தேடாம விடுவோமா? நெட்டுல உட்கார்ந்தேன். சிக்கியது ஜிஎஸ்டி. வரி இல்லை பாஸ், குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்!

சிகரெட் புகை, கருகின சிக்கன் வழியா உள்ளே போகும் விஷத்தின் மேல் குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறை ஒட்டிவிடுவதுதான் இந்த என்சைமின் வேலை. ஒட்டியதும் விஷம் தண்ணீரில் கரையும். சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும். இதில் எம்1, டி1 என்று வகைகள் உண்டு. சிலருக்கு இந்த ஜீன்கள் பிறவியிலேயே கிடையாது. பழுது இல்லை, இடமே காலி!

எத்தனை பேருக்கு? நம்ம கோரிமேடு ஜிப்மர்லயே எண்ணிப் பார்த்திருக்காங்க. மருந்தியல் துறை டாக்டர் ஆதித்தன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, தென்னிந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேரிடம் எம்1 இல்லை. சுமார் 17 பேரிடம் டி1 இல்லை. ஐரோப்பியர்களில் பாதிப் பேரிடம் எம்1 கிடையாது. உங்க கிளாஸ்ல 60 பேர்னா, 18 பேர் அது இல்லாமத்தான் அட்டெண்டன்ஸ் கொடுக்கறீங்க.

அப்போ அத்தனை பேருக்கும் கேன்சரா? அதான் இல்லை. லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவன ஆய்வில், இந்த ஜீன்கள் இல்லாதவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் தெரிந்தது. வெளிநாட்டு ஆய்வுகள் சிலவற்றில் வித்தியாசமே இல்லை. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, எம்1 இல்லாதவருக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடுது, அவ்வளவுதான்.

என்னை நிஜமா அசத்தியது பி1 என்ற இன்னொரு வகை. இது எல்லோரிடமும் இருக்கு. ஆனா புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதில் இந்த ஜீன் மேல் மெத்தில் ஒட்டி, பூட்டு போட்ட மாதிரி கிடக்கு. 1994-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கண்டுபிடிச்சாங்க. இது பிறவிக் குறை இல்லை. நடுவுல யாரோ ஃபியூஸைப் பிடுங்கின கதை.

ஜீன் டெஸ்ட்டுக்குக் காசு சேர்க்கலாம்னு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தா, ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு. அவருக்கு 65 வயசுக்கு முன்னாடியே வந்திருந்தா, 45-லேயே பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பத்தி டாக்டரிடம் பேசணும்னு அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி சொல்லுது. எங்க அப்பாவுக்கு 54!

ராத்திரி எழுந்திருப்பது பெரும்பாலும் வயசில் வரும் சாதாரண வீக்கம்தான். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் சத்தமே போடாது. ஆனா பேச்சை எங்கேயாவது ஆரம்பிக்கணுமே? ஞாயிற்றுக்கிழமை பீச்சில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், சுண்டல் பொட்டலத்தை நீட்டிக்கிட்டே கேட்டேன்: "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்கப்பா?"

அப்பா ரொம்ப நேரம் கடலையே பார்த்தார். "ரெண்டு தடவை. அம்மாகிட்ட சொல்லாதே."

திங்கட்கிழமை ரெண்டு பேரும் கோரிமேடு பஸ் ஏறுறோம்.