கோடு அறுந்த இடம்

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஒரு லாட் ஏலக்காயின் விலை சில நொடிகளில் முடிவாகிவிடுகிறது. சாம்பிள் கைக்கு வருகிறது. நிறம் பச்சையாக நிற்கிறதா, காய் 8 மில்லிமீட்டருக்கு மேல் திரண்டிருக்கிறதா என்று வியாபாரி உருட்டிப் பார்க்கிறார். முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுகிறார். வாய்விட்டுக் கேட்கும் ஏலத்திலிருந்து 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்துக்கு மாறியதிலிருந்து இதுதான் முறை. போடிமெட்டைத் தாண்டி சாந்தன்பாறை, உடும்பன்சோலைச் சரிவுகளில் பறித்த பச்சைக் காய் ஏறக்குறைய 5 கிலோ, ஸ்டோரில் உலர்ந்து 1 கிலோவாகிறது. அத்தனை உழைப்புக்கும் கணக்கு முடிகிற இடம் ஒரு தரவுத்தளம். அது மூச்சு வாங்குகிறதா, சீராக ஓடுகிறதா என்பதைக் கண்காணிப்புத் திரையில் ஓடும் கோடுகள்தான் சொல்ல வேண்டும். அந்தக் கோடு எகிறுவதைக் காட்டிலும் காணாமல் போவதே பெரிய கோளாறு. இதுபோன்ற பொது ஏலத்தை நடத்தும் எவரும் கோடு காணாமல் போவதை அப்படித்தான் கருத வேண்டும் என்பது என் வாதம்.

கோடு எகிறினால் யாராவது ஓடி வருவார்கள். திரை வெறுமையாக இருந்தால் ‘இன்று லோடு இல்லை போலிருக்கிறது’ என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கோடு நான்கு கை மாறி வருவது. தரவுத்தளம் தன் எண்ணிக்கைகளைத் தருகிறது, ஒரு சிறு நிரல் அவற்றைக் குறித்த இடைவெளியில் எடுக்கிறது, தனிக் கிடங்கு சேர்த்து வைக்கிறது, திரை வரைகிறது. கண்காணிக்கும் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றினாலும், கிடங்கின் டிஸ்க் நிறைந்தாலும் கிடைப்பது அதே வெற்றுத் திரைதான். கடிகாரமும் இதைச் செய்யும். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, திரை அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். காலை 10:30க்குக் கைமாறிய லாட் 5 மணிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ‘கடந்த 1 மணி நேரம்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. தகவல் தொலையவில்லை, தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அடோபி ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு ஆதரவை இழந்து, 2021 ஜனவரி 12 முதல் இயங்காமல் நின்றபோது, அதை நம்பி வரைந்த, தரவுத்தளங்களைக் கண்காணிக்கும் ஆரக்கிள் எண்டர்பிரைஸ் மேனேஜரின் பழைய பதிப்புகளில் செயல்திறன் வரைபடங்கள் காணாமல் போயின. தரவுத்தளத்துக்கு எந்தக் கேடும் இல்லை, வரைகிற கைதான் போயிருந்தது. ஆகவே எந்தக் கையில் அறுந்தது என்று பார்க்காமல் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்று தொடங்குவது தவறு. தரவுத்தளத்தை நிறுத்தி எழுப்பினால் அது நினைவில் வைத்திருந்த எண்ணிக்கைகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். துப்பும் அதோடு போய்விடும்.

பூஜ்ஜியம் வேறு, இன்மை வேறு. 2020 ஊரடங்கில் மார்ச் முதல் மே வரை ஏலக்காய் ஏலம் நின்றிருந்தது. அந்த ஆண்டின் விலை வரைபடத்தில், நிற்பதற்கு முந்தைய புள்ளியையும் திரும்பத் தொடங்கிய நாளின் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால், யாரும் கேட்காத விலைகள் இரண்டு மாதத்துக்கு முளைத்துவிடும். பூஜ்ஜியம் போட்டாலோ காய் விலையே இல்லாமல் கிடந்ததாக ஆகும். இரண்டும் பொய். அங்கே கோடு அறுந்துதான் இருக்க வேண்டும், பக்கத்தில் ‘ஏலம் இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். கண்காணிப்புத் திரைக்கும் இதே நியாயம்தான்: ‘வேலை இல்லை’ என்பதும் ‘அளக்கவில்லை’ என்பதும் ஒரே வெறுமையாகத் தெரியக் கூடாது.

ஏலம்தான் நடக்கிறதே, விலையும் பதிவாகிறதே, கோடு இல்லாவிட்டால் என்ன என்று கேட்பார்கள். ஏலம் நடந்தது என்பதற்கு விலைப் பதிவு சாட்சி, உண்மைதான். ஆனால் ‘நான் தட்டிய விலை போய்ச் சேரவில்லை’ என்று ஒரு வியாபாரி சொன்னால், அந்த நொடியில் தரவுத்தளம் திணறியதா என்பதற்கு இந்தக் கோட்டைத் தவிர வேறு எளிய சாட்சி இல்லை. 2019 ஆகஸ்ட்டில் விலை கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. அப்படிப்பட்ட சந்தையில் 100 கிலோ லாட்டுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கேட்ட ஒரு குரல் நின்றுபோனால், விவசாயிக்கு இழப்பு 5,000 ரூபாய். இன்னொன்றும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஆரக்கிள் தரவுத்தளம் தானாகச் சேமிக்கும் செயல்திறன் பதிவு மணிக்கு ஒரு முறை எடுக்கப்பட்டு, அமைப்பை மாற்றாவிட்டால் 8 நாளில் அழிந்துவிடும். சில நொடித் திணறல் ஒரு மணி நேரச் சராசரியில் கரைந்துபோகும்; இரண்டு வாரம் கழித்து வரும் புகாருக்கு அந்தச் சராசரிகூட மிஞ்சாது.

சின்ன ஊரில் இதற்கெல்லாம் நிபுணருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. இதற்கு நிபுணர் தேவையில்லை. ‘கடைசிப் புள்ளி எப்போது வந்தது?’ என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டு, 5 நிமிடம் பழையதாக இருந்தால் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறு நிரல் போதும். அது அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில் ஓட வேண்டும். ஏலம் இல்லாத நாட்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால், வீண் எச்சரிக்கையைத் தவிர்ப்பதும் எளிது. ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் ஏற்கெனவே வெளியாகின்றன. அந்தப் பட்டியலின் அடியில் இன்னொரு வரி சேரட்டும்: இன்று கண்காணிப்பு எத்தனை நிமிடம் அறுந்திருந்தது, எந்த லாட் எண்ணிலிருந்து எந்த எண் வரை.